பகிடி எழுதப் பழகுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை பின்னேரங்களில் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் நகைச்சுவைப் பிரதி எழுதிப் பழகுவதுதான் வேலை. நான் சில வருடங்கள் வானொலிக்கு ஐந்து நிமிடப் பகிடிகள் எழுதியவள். அதற்கு மேல் சொல்லிக்கொள்ளப் பெரிய தகுதி ஒன்றும் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடிப்பதற்குள் பிளேன்ரீ ஆறிப் போகிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பகிடி பிறவியிலேயே வர வேண்டியதல்லவா? பழகி வருமா?

பகிடி விடுவது வேறு, எழுதுவது வேறு. ஒவ்வொரு சந்தியிலும் ஒருவர் இருப்பார், வாயைத் திறந்தாலே கூட்டம் சிரிக்கும். அவரிடம் ஒரு பேனையைக் கொடுத்து அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பக்கத்தில் படுத்துவிடுவார். அவருடைய புருவம், கை, எதிரில் நிற்பவரைப் பார்த்துக் கதையை நிறுத்தும் நேரம் எதுவுமே தாளில் ஏறாது. எழுதுகிறவர் இன்னொருவருடைய வாய்க்கு எழுத வேண்டும். அது தச்சு வேலை மாதிரி, கை பழகினால் வரும். எங்கள் கூட்டத்தில் மிக நன்றாக எழுதும் இருவர் கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார்கள். மற்றவர்கள் கதைக்கும்போது அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

சரி, எங்கே தொடங்குவது?

காதில். சட்டைப் பைக்குள் அடங்கும் கொப்பி ஒன்றை வாங்குங்கள். மூதூருக்குப் படகு ஏறும் இடம், பஸ் நிலையம், கொழும்புக்கு இரவு ரயில் புறப்படும் நேரத்தில் ஸ்டேஷன், பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் செருப்புக் கழற்றும் இடம் என்று ஆட்கள் காத்திருக்கும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். காத்திருக்கிறவர்கள்தான் நிறையக் கதைப்பார்கள்.

எழுதும்போது கருத்தை எழுத வேண்டாம், சொன்ன சொல்லையே எழுதுங்கள். பஸ் நிலையத்தில் ஓர் அம்மா தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார்: "நான் ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல. நீயும் ஒருத்தரிட்டயும் சொல்லாத. மற்ற ஆக்களுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்." இதை 'ஒரு அம்மா இரகசியத்தைப் பரப்பினார்' என்று கொப்பியில் எழுதினால் செத்த மீன். அவர் சொன்ன ஒழுங்கில் மூன்று வசனமாக எழுதினால் உயிர் நிற்கிறது. கவனியுங்கள், அந்த அம்மா பகிடி விடவே இல்லை. மிகவும் பொறுப்பாகத்தான் பேசினார்.

ஆட்கள் எதற்குச் சிரிக்கிறார்கள்? அதற்கு ஏதாவது விதி உண்டா?

இந்தக் கேள்விக்கு இங்கிலீசுப் புத்தகம் தேடி ஓட வேண்டியதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் ஒரே சூத்திரத்தில் சொல்லிவிட்டார்: "எள்ளல் இளமை பேதைமை மடன் என்று உள்ளப்பட்ட நகை நான்கு என்ப." எள்ளல் என்றால் நக்கல். நாம் பிறரை நக்கலடித்தாலும் சிரிப்பு, பிறர் நம்மை அடித்தாலும் சிரிப்பு. இளமை, வளர்ந்த ஆள் சின்னப் பிள்ளை வேலை பார்ப்பது. பேதைமை, ஒன்றும் தெரியாமல் மாட்டிக்கொள்வது.

நாலாவதான மடன்தான் எழுதுகிறவருக்குப் பொன். உரைகாரர்கள் அதற்குத் தரும் விளக்கம் "கொளுத்தக்கொண்டு கொண்டது விடாமை." ஒருவர் எதையோ பிடித்துக்கொண்டார், உலகமே தலைகீழாக நின்று விடச் சொன்னாலும் விடமாட்டார். கஞ்சன் காசை விடமாட்டான். கௌரவம் பார்ப்பவர் கௌரவத்தை விடமாட்டார். எங்கள் தெருவில் ஒரு ஐயா இருந்தார், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் எது சூடு கூடியது என்று அவர் சின்ன வயதில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அதற்கு மாறாகக் கை சுட்டுக் காட்டினாலும், "உன்ர கையில ஏதோ பிழை" என்பார்.

துணுக்குகள் ஐந்து நிமிடத்தில் தீர்ந்து போகும். விடமுடியாத ஆள் ஒருவர் கிடைத்துவிட்டால் ஒரு வருடத்துக்கு எழுதலாம். எங்கள் விறாந்தையில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: உன் ஆள் எதை விடமாட்டார்?

வானொலிப் பகிடியை எப்படி அமைப்பது? ஒரு உதாரணம் தரமுடியுமா?

விளக்கம் சொல்வதை விட எழுதிக் காட்டுவது சுலபம். இளைப்பாறிய தமிழ் வாத்தியார் ஒருவரை மீன் கடைக்கு அனுப்புவோம். அவர் விடாதது இலக்கணம்.

(சந்தை இரைச்சல். பலகையில் கத்தி விழும் சத்தம், ஒரே தாளத்தில்.)

மாஸ்டர்: தம்பி, பாரை என்ன விலை?

வியாபாரி: கிலோ ஆயிரத்தி ஐந்நூறு, மாஸ்டர்.

மாஸ்டர்: ஆயிரத்து ஐந்நூறு.

வியாபாரி: ஓம், அதுதான். ஆயிரத்தி ஐந்நூறு.

மாஸ்டர்: 'ஆயிரத்தி' எண்டு தமிழில ஒரு சொல் இல்லை, தம்பி. ஆயிரத்து. அது அத்துச் சாரியை.

வியாபாரி: சாறியா? சாறிக்கடை றோட்டுக்கு அங்கால, மாஸ்டர்.

மாஸ்டர்: சா-ரி-யை! ஏழாம் வகுப்பில உனக்கு ஆர் தமிழ் படிப்பிச்சது?

வியாபாரி: நீங்கள்தான், மாஸ்டர்.

(கத்திச் சத்தம் நிற்கிறது.)

மாஸ்டர்: (மெல்ல) ஒரு கிலோ வெட்டு.

வியாபாரி: இப்ப ரெண்டு விலை இருக்கு, மாஸ்டர். பிழையான தமிழில வாங்கினால் ஆயிரத்தி ஐந்நூறு. சரியான தமிழில வாங்கினால் ஆயிரத்து எழுநூறு. எது வேணும்?

(மௌனம். ஐந்து விநாடி. தூரத்தில் ஒரு காகம்.)

மாஸ்டர்: ஆயிரத்து எழுநூறு.

இதில் என்ன நடக்கிறது என்று பிரித்துப் பார்ப்போம். "நான் இப்போது மீன் சந்தைக்கு வந்திருக்கிறேன்" என்று ஒருவரும் சொல்லவில்லை. கத்தியும் பாரையும் அதைச் சொல்லிவிட்டன. புதிதாக எழுதுகிறவர்கள் செய்யும் முதல் பிழை இதுதான்: பாத்திரம் தனக்கே தெரிந்ததைக் கேட்பவருக்காக உரத்துச் சொல்லும். "என் மூத்த தம்பியான நீ" என்று எந்த அண்ணன் கூப்பிடுவான்?

வியாபாரி அடிக்கடி "மாஸ்டர்" என்கிறார். வானொலியில் முகம் இல்லை, யார் யாரோடு கதைக்கிறார்கள் என்று காது தொலைத்துவிடக்கூடாது. ஆனால் ஒவ்வொரு வசனத்திலும் பெயர் சொன்னால் வகுப்பில் இடாப்பு வாசிப்பது போலிருக்கும். வாய்விட்டுப் படித்துப் பார்த்து வேண்டாத இடத்தில் வெட்டுங்கள். ஒரு காட்சியில் மூன்று குரலுக்கு மேல் வேண்டாம். அந்த மூன்றும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் பிரிந்து தெரிய வேண்டும். ஒரு கிழவர், ஒரு இளம் பெண், ஒரு பையன் என்றால் தப்பினீர்கள். நாற்பது வயது ஆண்கள் மூவர் என்றால் நடிகர்கள் உங்களைத் திட்டுவார்கள்.

கத்தி இங்கே மூன்றாவது நடிகர். தாளத்தோடு போய்க்கொண்டிருந்தது நிற்கும்போது, ஏதோ விழுந்துவிட்டது என்று கேட்பவருக்குத் தெரிகிறது. ஒலிக்குறிப்பை அலங்காரமாகப் போடாதீர்கள். பிரதி முழுக்கக் குருவியும் தென்றலும் எழுதி வைத்தால் ஒலிப்பதிவுக்காரர் எதையுமே போடமாட்டார்.

மௌனத்தையும் எழுத வேண்டும், எத்தனை விநாடி என்று. வானொலியில் ஐந்து விநாடி என்பது பெரிய காலம், கேட்பவர் பெட்டி பழுதாகிவிட்டதா என்று தட்டிப் பார்க்கும் அளவுக்கு. அதனால்தான் காகம். அந்த மௌனத்துக்குள் வாத்தியார் என்ன யோசிக்கிறார் என்று ஒவ்வொருவரும் தங்கள் தலைக்குள் ஒரு பகிடி எழுதிக்கொள்கிறார்கள். அதை விட நல்லதாக நம்மால் எழுத முடியாது.

கடைசியாக, சிரிப்புச் சொல்லுக்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. முதல் தடவை இதை எழுதியபோது வாத்தியார் "தமிழுக்காக எதையும் கொடுப்பேன்" என்று ஒரு வசனம் சொல்லிவிட்டுப் போனார். அதை வெட்டிய பிறகுதான் சிரிப்பு வந்தது. சாரியை, சாறிப் பகிடி இதில் மிகப் பலவீனமானது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். சிலேடைக்குக் காளமேகம் போதும், நாங்கள் ஒரு பிரதிக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்வது மரியாதை.

அதையே தொலைக்காட்சிக்கு மாற்றினால் என்ன மாறும்?

பாதி வசனத்தைத் தூக்கி எறியலாம். கடையில் ஒரு பலகை தொங்குகிறது, சோக்கால் "பாறை 1500" என்று எழுதியிருக்கிறது. மீனுக்கு இடையின ர வர வேண்டிய இடத்தில் வல்லின ற போட்டு, கடைக்காரர் கல்லை விற்கிறார். வாத்தியார் பலகையைப் பார்க்கிறார். கடைக்காரரைப் பார்க்கிறார். சட்டைப் பைக்குள் கை போகிறது. வெளியே வருவது காசு இல்லை, சோக்கட்டி. அவர் எட்டி நின்று எழுத்தைத் திருத்திக்கொண்டிருக்க, கீழே பூனை ஒன்று அவருக்கென்று நிறுத்து வைத்த மீனோடு நடந்து போகிறது. ஒரு சொல் கூடத் தேவைப்படவில்லை. இந்தப் பலகைப் பகிடி வானொலியில் முடியவே முடியாது. சாறிப் பகிடி மாதிரி எழுத்தில் வேறாகவும் காதில் கிட்டத்தட்ட ஒன்றாகவும் இருப்பவை வானொலிக்குத்தான் பொருத்தம்.

இன்னொன்று, தொலைக்காட்சியில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் செலவு உண்டு. வானொலியில் வாத்தியாரைக் கோணேசர் கோயில் மலை உச்சியில் நிறுத்த ஒரு காற்றுச் சத்தமும் மணியும் போதும். தொலைக்காட்சியில் வாகனம், அனுமதி, வெயில், வேடிக்கை பார்க்கும் கூட்டம். பூனை சொல்வழி கேட்காது. தயாரிப்பாளர் பிரதியை வாங்கியதும் முதலில் எண்ணுவது பகிடிகளை அல்ல, இடங்களையும் ஆட்களையும்தான். முதல் பிரதிக்கு இரண்டு இடம், நாலு நடிகர் என்று கட்டுப்பட்டு எழுதுங்கள்.

பிரதி தாளில் எப்படி இருக்க வேண்டும்? எத்தனை பக்கம்?

வானொலிக்கு: இடப்பக்கம் பாத்திரப் பெயர், வலப்பக்கம் வசனம், ஒலிக்குறிப்பு தனி வரியில். ஒருவர் பேசும் வசனம் பக்கம் தாண்டி உடையக்கூடாது. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டு, ஸ்டேப்ளர் அடிக்காமல் கொடுங்கள். தாள் புரட்டும் சத்தம் மைக்கில் விழும்.

தொலைக்காட்சிக்கு: ஒவ்வொரு காட்சிக்கும் இலக்கம், உள்ளேயா வெளியேயா, எந்த இடம், பகலா இரவா என்று தலைப்பு வரி. கலையகத்தில் பல கமராக்களோடு எடுப்பதென்றால் படம் ஒரு நிரலிலும் ஒலி மறு நிரலிலும் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பார்கள்.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது ஆங்கிலத் திரைப்பிரதிக்கு உள்ள கணக்கு. தமிழை நம்பி அப்படி விட முடியாது, எங்கள் சொற்கள் நீளம். மணிக்கூட்டை வைத்துக்கொண்டு நடித்துப் படியுங்கள், அதுதான் அளவு. மனதுக்குள் படித்தால் எப்போதும் குறைவாகவே காட்டும்.

எந்தத் தமிழில் எழுதுவது? யாழ்ப்பாணத் தமிழா, இங்கத்தையதா, இந்தியத் தொடர்களில் வருவதா?

இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எங்களிடம் வரும் பிள்ளைகளின் முதல் பிரதியில் பத்தில் எட்டு சென்னைத் தமிழில் இருக்கிறது. "இன்னா மச்சி" என்று தொடங்குகிறார்கள். வீட்டில் அம்மாவோடு ஒரு நாளும் அப்படிக் கதைக்காத பிள்ளைகள். தொலைக்காட்சியில் சிரிப்பு அந்தத் தமிழில் வருவதால், சிரிப்பின் மொழியே அதுதான் என்று நினைத்துவிட்டார்கள். இரவல் சட்டை மாதிரி, தோளில் நிற்காது.

திருகோணமலையில் இருந்துகொண்டு காதுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே பஸ்ஸில் நகரத்துத் தமிழ், கிண்ணியா, மூதூர் முஸ்லிம் மக்களின் தமிழ், தம்பலகாமத்து வயல்காரர்களின் தமிழ், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த உத்தியோகத்தரின் தமிழ், சிங்களம் கலந்த கடைத்தெருத் தமிழ் எல்லாம் ஏறும். ஒரு சொல்லை மட்டும் பாருங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அக்கரைக்குப் போக மிதவைதான். அதை இங்கே 'பாதை' என்பார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து கேட்கிறார்:

"கிண்ணியாவுக்குப் பாதை எங்க?"

"பாதை அந்தப் பக்கம் போயிட்டுது மனே. கொஞ்சம் பொறுங்க, திரும்பி வரும்."

பதில் சொன்னவருக்கு இது பகிடியே அல்ல, நேரத் தகவல். கேட்டவருக்குத் தலை சுற்றும். இந்தப் பகிடியை வேறு ஊரில் யாராலும் எழுத முடியாது.

ஒரு எச்சரிக்கை: பேச்சு வழக்கை எழுதுவது வேறு, அந்த வழக்கில் பேசுகிறவரை மட்டந்தட்டுவது வேறு. ஒருவர் பேசும் தமிழே பகிடி என்று எழுதினால், அந்த ஆளை எழுதச் சோம்பல்பட்டீர்கள் என்று அர்த்தம். உங்களுக்குப் பழக்கமில்லாத வழக்கு என்றால் அதைப் பேசுகிற ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் சிரித்தால் வைத்துக்கொள்ளுங்கள். முகம் சுழித்தால் தர்க்கம் பண்ணாமல் மாற்றுங்கள்.

இலங்கையில் நமக்கு முன்னால் யார் எழுதினார்கள்?

நிறையப் பேர், ஆனால் பிரதிகள் தேடிப் பிடிப்பது பாடு. கொழும்பில் 1925இல் தொடங்கிய வானொலி பிறகு ரேடியோ சிலோன் ஆகி, 1967இல் கூட்டுத்தாபனம் ஆனது. அங்கே தமிழ் நாடகத் தயாரிப்பாளராக இருந்த 'சானா' என்ற சண்முகநாதன் எழுதிய 'லண்டன் கந்தையா', இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' இரண்டும் ஊர்ப் பேச்சை ஒலிவாங்கிக்குக் கொண்டுவந்தவை. பிறகு எஸ். ராமதாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்'. மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தமிழ். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் என்று கேட்டவுடன் ஆளைத் தெரியும். பெயர்கள் அப்படி ஒட்டிக்கொண்டதால் நடிகர்களையே மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றுதான் ஊர் கூப்பிட்டது. 1976இல் அது 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. முகம் தெரியாத நிலையில் குரலால் ஆளைப் பிரிப்பது எப்படி என்பதற்கு இதை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைட்' இன்னொரு வகை. ஒரே ஆள், பஸ் கொண்டக்டர். பஸ் முழுக்க இருக்கும் சனத்தை நாம் காணவில்லை, ஆனால் அவர் பேசும் விதத்திலேயே ஒவ்வொருவரும் தெரிகிறார்கள். எதிர் ஆளின் வசனத்தை எழுதாமலே கேட்க வைப்பது எப்படி என்று பழக, அதைத் தேடிக் கேளுங்கள்.

அதற்கும் முன்னால் கூத்தில் கட்டியக்காரன் இருக்கிறான். ராசா வரும்வரை சபையை வைத்திருப்பது அவன் பொறுப்பு. ராசாவுக்கு முன்னாலேயே ராசாவைப் பற்றிச் சொல்லவும் அவனுக்குத்தான் உரிமை.

நம் ஊருக்கும் ஒலிபரப்புக்கும் ஒரு தொடர்பு உண்டு, கொஞ்சம் விசித்திரமானது. ஜெர்மன் வானொலி 1980களிலிருந்து தன் சிற்றலை நிகழ்ச்சிகளைத் திருகோணமலையில் இருந்த மறு ஒலிபரப்பு நிலையம் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கைமாறியது. உலகத்துச் செய்தியெல்லாம் நம் தலைக்கு மேலால் போயிருக்கிறது, நாங்கள் கீழே பாரை விலை கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரு துணுக்குக் காட்சிக்கும் தொடருக்கும் என்ன வித்தியாசம்?

துணுக்குக் காட்சியில் வாத்தியார் மீன் வாங்கிப் போய்விடுவார், அவரை மறந்துவிடலாம். தொடரில் அடுத்த கிழமையும் அவர் வருவார், அதே வாத்தியாராக. ஒரு வாரத்தில் திருந்திவிட்டால் தொடர் முடிந்தது. அதனால் அவரை வீட்டிலிருந்து தப்பி ஓட முடியாத ஆட்களோடு அடைக்க வேண்டும். இலக்கணம் பார்க்கும் வாத்தியாருக்குக் குறுஞ்செய்தியில் எழுத்தை விழுங்கும் மகள், சிங்களம் மட்டும் சுத்தமாகப் பேசும் மருமகன், எல்லாவற்றுக்கும் பழமொழியைப் பிழையாகச் சொல்லும் மாமியார். ஒவ்வொருவரும் அவருடைய புண்ணில் ஒவ்வொரு விரலை வைக்க வேண்டும்.

அரை மணி நேரத் தொடர் என்றால் விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிடம் மட்டில் கையில் மிஞ்சும். ஒரு பெரிய சிக்கல், பக்கத்தில் ஒரு சின்னச் சிக்கல், இரண்டும் கடைசியில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்படி. முதலாவது நிமிடத்தில் போட்ட சோக்கட்டி இருபதாவது நிமிடத்தில் எங்காவது காலில் மிதிபட வேண்டும். நேரம் கழித்துத் திரும்பி வரும் பகிடிக்கு ஆட்கள் இரட்டிப்பாகச் சிரிப்பார்கள், தாங்களும் ஞாபகம் வைத்திருந்தோம் என்ற சந்தோசத்தில்.

அக்கா, பெண்கள் பகிடி எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா?

எழுதினால் ஏற்றுக்கொள்கிறார்கள், எழுதுகிறவர்தான் குறைவு. நம் நகைச்சுவையில் பெண்ணுக்குப் பெரும்பாலும் மூன்று வேலைதான்: அகப்பையோடு நிற்கும் மனைவி, குண்டு என்று பேச்சு வாங்கும் அத்தை, சிரிப்பே வராத அழகி. ஒரு பெண் பாத்திரத்துக்கும் மடன் கொடுங்கள், அவள் எதை விடமாட்டாள் என்று யோசியுங்கள். நான் எழுதியதிலேயே அதிகம் ஓடியது, சீட்டுப் பிடிக்கும் ஒரு அம்மாவைப் பற்றியது. செத்த வீட்டிலும் கணக்குக் கொப்பியோடுதான் போவார். அழுவார், உண்மையாகவே அழுவார், அழுதுகொண்டே யார் யார் இந்த மாதம் கட்டவில்லை என்று எண்ணுவார்.

யாரைப் பகிடி பண்ணலாம், யாரைப் பண்ணக்கூடாது?

என் கணக்கு இது: மேலே இருப்பவரைப் பார்த்து அடியுங்கள், அல்லது உங்களையே அடியுங்கள். வாத்தியாரின் பிடிவாதத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவருடைய ஓய்வூதியம் போதாமல் இருப்பதைப் பார்த்து அல்ல. உடற்குறை, சாதி, நிறம் பற்றிய பகிடிகள் எங்கள் விறாந்தையில் நுழைவதில்லை. எத்தனை பேர் சிரித்தாலும் சரி.

சட்டப் பக்கமும் உண்டு. இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் பிரிவு 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாய) சட்டத்தில் இருக்கிறது. 2023இல் மேடை நகைச்சுவையில் மதம் பற்றிச் சொன்னதற்காகக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரு கலைஞரைக் கைது செய்தார்கள். 2024இல் இணையத்தில் போடுபவற்றுக்கென்று நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. பயந்து கட்டியக்காரனின் வாயைத் தைக்கச் சொல்லவில்லை. எழுதியதை யார் கேட்டாலும் நின்று விளக்கம் சொல்லக் கூடியதாக எழுதுங்கள் என்கிறேன்.

எழுதி முடித்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை. என்ன செய்வது?

வரவேற்கிறேன், உட்காருங்கள். என் முதல் பிரதியை ஒரு நிலையத்துக்கு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டு, "சோக நாடகப் போட்டிக்குக் கடைசி நாள் முடிந்துவிட்டது, அம்மா" என்றார்கள். அன்றைக்கு அழுதேன். இன்றைக்கு அதுதான் என்னிடம் உள்ள நல்ல பகிடிகளில் ஒன்று.

வேலையாகச் செய்ய வேண்டியது: வேறு இரண்டு பேரிடம் பிரதியைக் கொடுத்து, உங்கள் முன்னால் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் நடிக்கக்கூடாது. நீங்கள் படித்தால் பிரதியில் இல்லாததையும் குரலால் சேர்த்துவிடுவீர்கள். அவர்கள் தடுமாறும் இடத்தில் கோடு போடுங்கள். பெரும்பாலும் கோளாறு சிரிப்பு வசனத்தில் இருக்காது, அதற்கு இரண்டு வரி முன்னால் இருக்கும். கேட்பவருக்குத் தெரிய வேண்டிய ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டிருப்பீர்கள். மாஸ்டர்தான் ஏழாம் வகுப்பில் படிப்பித்தவர் என்பது தெரியாமல் கத்தி நின்றால், கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். அடுத்தது, சிரிப்புச் சொல்லை வசனத்தின் கடைசிக்குத் தள்ளுங்கள். தமிழில் வினை கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதனால் இது கொஞ்சம் மல்லுக்கட்டு. வசனத்தை இரண்டாக உடைத்தால் வழி பிறக்கும்.

பின்னணியில் பதிவு செய்த சிரிப்புப் போடலாமா?

1950களில் சார்ள்ஸ் டக்ளஸ் என்ற அமெரிக்க ஒலிப் பொறியியலாளர் அதற்கென்று ஒரு பெட்டியே செய்தார். போடலாம். நான் போடமாட்டேன். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு ஏவறையையும் நாங்களே விட்டுக் காட்டுகிற மாதிரி இருக்கிறது.

எழுதியதை எங்கே கொடுப்பது? காசு வருமா?

ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை, ரூபவாஹினியின் நேத்ரா, வசந்தம், சக்தி, சூரியன் என்று கதவுகள் இருக்கின்றன. அனுப்புவதற்கு முன் அந்த நிகழ்ச்சியை ஒரு மாதமாவது கேளுங்கள், எத்தனை நிமிடம், எத்தனை குரல், யார் நடிக்கிறார்கள் என்று. காசு வரும், அதை நம்பி வேலையை விட்டுவிட வேண்டாம்.

கதவு திறக்கவில்லையென்றால் கைத்தொலைபேசியில் நீங்களே ஒலிப்பதிவு செய்து இணையத்தில் போடலாம். உடுப்பு அலுமாரியைத் திறந்துவைத்து அதற்கு எதிரே இருந்து பேசுங்கள், துணி எதிரொலியைக் குடித்துவிடும். காற்றாடியை நிறுத்துங்கள். திருகோணமலை வெயிலில் இது தியாகம்தான்.

என் பகிடியை யாராவது திருடினால்?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணமே உரிமை உங்களுடையது. பதிவு செய்யத் தேவையில்லை. உங்கள் ஆயுளுக்கும் பிறகு எழுபது வருடத்துக்கும் நிற்கும். ஆனால் அது எழுதிய வடிவத்துக்குத்தான், வெறும் யோசனைக்கு இல்லை. தேதியோடு உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கதை வந்தால் உதவும்.

முதல் சனிக்கிழமைக்கு என்ன எழுதிக்கொண்டு வர வேண்டும்?

எல்லோருக்கும் ஒரே பயிற்சிதான். கோட்டைப் பக்கம் திரியும் மான்களில் ஒன்று ஒருவருடைய பரீட்சை அனுமதி அட்டையைத் தின்றுவிட்டது. அவர் அதைப் பரீட்சை மண்டப வாசலில் நிற்கும் அதிகாரிக்கு விளங்கப்படுத்த வேண்டும். மூன்று நிமிடம், வானொலிக்கு, இரண்டு குரல். அதிகாரி எதை விடமாட்டார் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

போன மாதம் ஒரு பிள்ளையின் பிரதியில் அதிகாரி அமைதியாகக் கேட்டுவிட்டு, "சரி, மானைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார். பையன் கூட்டிக்கொண்டு வந்தான். (குளம்புச் சத்தம், சீமெந்துத் தரையில்.) அதிகாரி மானுக்கு ஒரு கதிரை போடச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "சுட்டெண் என்ன?"

நாலு மணிக்குத் தொடங்குவோம். கொப்பியும் பேனையும் கொண்டு வாருங்கள்.